காலாண்டு நிறைவும் தனுஷ்கோடி சைக்கிள் பயணமும்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு இந்த வாரத்துக்குள் திருப்பி அனுப்புங்கள். கபடி அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

விடுமுறையில் நடந்த சைக்கிள் பயணம் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தங்கள் தோழனின் தங்கை புற்றுநோய் வார்டில் இருந்தபோது பார்க்கப் போன பதினோராம் வகுப்பு நண்பர்கள் நால்வர், ஜூலை மாதம் என் அறைக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்து பிள்ளைக்குத் துணையிருக்கும் தாய்மார்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு நாளை ஓட்டுகிறார்கள், அவர்கள் உணவுக்காக மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரை சைக்கிளில் போகிறோம், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் வீதம் தெரிந்தவர்களிடம் கேட்கிறோம் என்றார்கள். நால்வர் பதினேழு பேரானார்கள். பெரும்பாலோர் ஓட்டியது அரசு தந்த விலையில்லா சைக்கிள்தான். பரமக்குடியிலும் மண்டபத்திலும் இரவு தங்கி, ஏறத்தாழ 190 கிலோமீட்டரை மூன்று நாளில் முடித்தார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் அவர்கள் இறங்கி நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் அந்த மூன்று நாளும் எனக்கு நிம்மதி இருக்கவில்லை. காரணம், உடன் வந்த பெற்றோரின் வாகனங்கள்.

வழியனுப்ப வந்தவர்கள் மதுரையை அடுத்த சிலைமானோடு திரும்பிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். திருப்புவனம் தாண்டியபோது மூன்று கார்களும் ஏழெட்டு இருசக்கர வாகனங்களும் வரிசையை ஒட்டி வந்துகொண்டிருந்தன. பிள்ளை வெயிலில் மிதிக்கும்போது வீட்டில் உட்கார முடியாது என்பது எனக்குப் புரிகிறது. நானும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். ஆயினும் நெடுஞ்சாலையில் குழுவாகப் போவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒற்றை வரிசை, இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி, மெதுவாக மிதிப்பவர் முன்னால், அவர் வேகமே எல்லோருக்கும் வேகம், கடைசியில் சிவப்புக் கொடி கட்டிய வேன். பக்கத்தில் ஒரு வாகனம் வந்து பேச்சுக் கொடுத்தாலே பிள்ளையின் தலை திரும்புகிறது. தலை திரும்பிய பக்கம் கைப்பிடியும் திரும்புகிறது. பின்னால் வரும் லாரி சைக்கிளையும் அந்த வாகனத்தையும் சேர்த்துச் சுற்றிப்போக வேண்டியிருக்கிறது.

பரமக்குடியைத் தாண்டினால் சாலை குறுகிவிடும். சத்திரக்குடி அருகே ஒரு தந்தை ஓடும் வண்டியிலிருந்தே மகளுக்கு இளநீர் நீட்டினார். அவள் ஒரு கையை எடுத்தாள். முன் சக்கரம் முன்னால் போனவன் சைக்கிளில் உரசியது. நான்கு பேர் விழுந்தார்கள். எதிரே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் சமயத்தில் பிரேக் போட்டதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அந்தத் தந்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று அவர் அழுததை நான் பார்த்தேன். மறுநாள் பாம்பன் பாலத்தில், கடற்காற்று பக்கவாட்டில் சைக்கிளைத் தள்ளும் இடத்தில், படம் எடுக்க இரண்டு கார்கள் நின்றன. பிள்ளைகள் நடுச்சாலைக்கு வந்து சுற்றிப்போக வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாத பெற்றோரின் பிள்ளைகளும் வரிசையில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு மட்டும் குளிர்பானம் வந்தபோது அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாணவனை வீட்டார் வற்புறுத்திக் காரில் ஏற்றி 12 கிலோமீட்டர் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளி திறந்த அன்று காலையில் அவன் என்னிடம் வந்து, “அந்தப் பன்னிரண்டைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், அம்மா” என்றான். கழித்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பிறகு தஞ்சாவூர் வரை போக அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வாசலில் வழியனுப்பலாம். இரவு தங்கும் இடத்துக்கு வந்து பார்க்கலாம். சாலையில் எந்தப் பெற்றோரின் வாகனமும் வரிசையோடு வரக்கூடாது. வந்தால் அந்த இடத்திலேயே பயணத்தை நிறுத்தி, எல்லா சைக்கிள்களையும் லாரியில் ஏற்றித் திருப்பி அழைத்து வந்துவிடுவேன். இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சத்திரக்குடிச் சாலையில் கிடந்த அந்த நான்கு சைக்கிள்கள் இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

உங்கள் அன்பு இல்லாமல் இந்தப் பயணம் கிளம்பியே இருக்காது. விடியற்காலை நான்கு மணிக்குப் புளியோதரை கட்டித் தந்த தாய்மார்களுக்கும், பதினேழு சைக்கிள்களின் செயின், பிரேக் எல்லாவற்றையும் காசு வாங்காமல் சரிபார்த்த தந்தைக்கும், வேன் கொடுத்து உதவியவருக்கும், தெருத்தெருவாகப் போய் ஆதரவு கேட்ட தாத்தா பாட்டிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. பணம் முழுவதையும் வார்டில் ஒப்படைத்துவிட்டோம். வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

தஞ்சாவூர்ப் பயணத்துக்கான சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வாகனங்கள் பற்றிய உறுதிமொழியையும் படித்து, தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்