நாலாவது மாடி லிஃப்ட் அண்ணாவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்பு நண்பர்களுக்கு,

தம்பி நேற்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டான். ரசம் சாதம் கேட்டான். அம்மா குழைத்துக் கொடுத்ததை அவனே ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். இரண்டு தடவை எழுந்து போய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அன்று தம்பி ஆடிய குத்துச்சண்டை ரிங்கைச் சுற்றி நின்றிருந்தீர்கள், மீதிப் பேர் அன்று ராத்திரிக்குள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

ரத்தம் கொடுத்தவர்கள், கொடுக்க வந்து வரிசையில் நின்று திரும்பியவர்கள், பணம் புரட்டியவர்கள், காசிமேட்டிலிருந்து தினமும் அம்மாவை வண்டியில் கூட்டி வந்து கூட்டிப் போனவர், இரவெல்லாம் கண் விழித்த சிஸ்டர்கள், ஒவ்வொரு காலையும் எங்களுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து விளக்கிய டாக்டர், கடையை மூடிவிட்டு வந்து ஃபிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்த மாஸ்டர், எல்லோருக்கும் நன்றி. எதிர்த்து ஆடிய பையனும் அவனுடைய வாத்தியாரும் மூன்றாம் நாள் வந்தார்கள். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். எதிர்த்து ஆடிய தம்பி, நீ விதிப்படிதான் ஆடினாய். உன்மேல் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இன்னொருவரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது. பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் எனக்காக அவர் மீறியது அங்கே உள்ள விதியை. அவரால் இதைப் படிக்க முடியாவிட்டால் அவருடைய மகன் படித்துக் காட்டுவான்.

அந்தக் கட்டடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஐசியூ இருக்கும் நாலாவது மாடியில் யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் கீழே இரும்பு நாற்காலிகளில்தான் கிடக்க வேண்டும். முதல் ராத்திரி, நீங்களெல்லாம் கிளம்பிய பிறகு, பதினொன்றரை இருக்கும், என்ன செய்கிறோம் என்று தெரியாமல் ஸ்ட்ரெச்சர் போகும் பெரிய லிஃப்டுக்குள் போய் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு ஸ்டூல், அதில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். "மேல விட மாட்டாங்க தம்பி" என்றார். நான் பதில் சொல்லவில்லை, இறங்கவும் இல்லை. தம்பியின் பை என் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாரில் கட்டியிருந்த சிவப்பு கிளவுஸ் இரண்டையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாம் நம்பரை அழுத்தினார்.

கதவு திறந்தது. நேர் எதிரே, நடைபாதையின் அந்தக் கோடியில் ஐசியூவின் கண்ணாடிக் கதவு. உள்ளே நீல வெளிச்சம், யாரோ ஒரு சிஸ்டர் நடப்பது மட்டும் தெரிந்தது. லிஃப்டின் கதவு மூடாமல் இருக்க அவர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. "பாத்துக்கோ" என்றார். பத்து நொடி இருக்கும். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை, அப்படியென்றால் உள்ளே எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். கீழே வந்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி "உட்காரு" என்றார். அன்று விடியும்வரை மேலே எத்தனை தடவை ஆள் கூப்பிட்டாலும் நானும் கூடவே போனேன். நாலாவது மாடி வரும்போதெல்லாம் அந்த விரல் பட்டனில் பத்து நொடி நின்றது. அத்தனை ராத்திரியும் அப்படித்தான்.

இரண்டாம் ராத்திரிதான் கேட்டார், "பாக்ஸிங்கா தம்பி?" ஆமாம் என்றேன். "ஒரு படம். அப்பன்காரன் துண்டைத் தூக்கி ரிங்குக்குள்ள போடுவானே. பாத்திருக்கியா?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

அவர் சொன்ன படம் 'கிரீட் 2'. அந்த விஷயத்தில் நான் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரியும். 2018-இல் படம் வந்ததிலிருந்து பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்றால் நமக்கு இந்தச் சண்டைதான். ரயன் கூக்ளர் எடுத்த முதல் 'கிரீட்' படத்தில் ஹீரோ அடோனிஸும் ஸ்போரினோவும் மோதும் சண்டை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் போகும். கடைசியில் லிவர்பூலில் அடோனிஸ் புள்ளியில் தோற்பான், தோற்றும் நிமிர்ந்து நிற்பான். இரண்டாவதை ஸ்டீவன் கேப்பிள் ஜூனியர் இயக்கினார். கதை நேராக 1985-இன் 'ராக்கி 4'-க்குத் திரும்பிப் போய், அடோனிஸின் அப்பா அப்போலோ கிரீடை ரிங்கில் அடித்துக் கொன்ற ஐவன் டிராகோவின் மகனை அடோனிஸுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது. பழைய பகையைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. அதைவிடப் பெரிய குறை கிளைமாக்ஸ். மாஸ்கோவில் அடோனிஸ் அடித்து வீழ்த்த வேண்டிய நேரத்தில் அப்பன் டிராகோ, மகனுக்கு இனி போதும் என்பதற்கு அடையாளமாகத் துண்டை வீசிச் சண்டையை நிறுத்திவிடுகிறான். "அவன் ஜெயிக்கலடா, இவன் விட்டுக் கொடுத்துட்டான்" என்று எத்தனை தடவை மேசையைத் தட்டியிருப்பேன். ரசிகனிடமிருந்து நாக் அவுட்டைப் பிடுங்கிக்கொண்ட படம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். தம்பியும் என் கட்சிதான்.

இதெல்லாம் தெரியாத மனிதர் லிஃப்டுக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார். மகனுடைய போனில் பார்த்தாராம். பெயர்கள் எதுவும் நினைவில்லை. "ரஷ்யாக்காரன்", "அவன் பையன்", "நம்ம கிழவன்" என்றுதான் சொல்வார். நம்ம கிழவன் என்றால் ராக்கி, அப்போலோவின் சிநேகிதன், அடோனிஸின் வாத்தியார். ஒரு தடவை மேலே போய்வர ஒரு பேச்சு. நடுவில் ஸ்ட்ரெச்சர் வந்தால் நிறுத்திவிடுவார். நோயாளி இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்.

நான் முதலில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டது. "ஹீரோவே அடிச்சு முடிச்சிருக்கணும் அண்ணா" என்றேன். தலையை ஆட்டினார். "ரஷ்யாக்காரனுக்கு என்ன மிச்சம்? நாடு போச்சு, பொண்டாட்டி போயிட்டா. பையன் ஜெயிச்சா எல்லாம் திரும்பி வரும்னு இருக்கான். அந்தம்மா பாதிச் சண்டையில எழுந்து போயிடுறா, காலி நாற்காலிய பையன் பாக்குறான். அதுக்கப்புறமும் விழ மாட்டேன்னு நின்னு அடி வாங்குறான். அப்பன் என்ன பண்ணணும்?" நாலாவது மாடி வந்துவிட்டது. பத்து நொடி. திரும்ப இறங்கும்போது அவரே சொன்னார், "எல்லாத்தையும் தூக்கிப் போட்டான். துண்டு மட்டும்னு நினைச்சியா?"

ஏழு வருடமாக நான் வாதாடிய காட்சி அது. அந்தக் கோணத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லா வாதத்திலும் நான் அடோனிஸின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கயிற்றுக்கு வெளியே நின்றவனைப் பார்க்கவே இல்லை.

நாலாம் ராத்திரி அவரிடம் சொல்லிவிட்டேன். அன்று தம்பியின் கார்னரில், அதாவது ரிங்கின் மூலையில் அவனுக்குத் துணையாக, நின்றது நான் என்று. துண்டு என் தோளில்தான் இருந்தது என்று. இரண்டாம் ரவுண்டு முடிந்து வாயைக் கொப்பளித்தபோது "நிறுத்திடாதேண்ணா" என்றான், நான் சரி என்றேன். அடி வாங்கியவனுக்கு ரெஃப்ரி எண்ணிக்கொண்டிருக்கும்போது துண்டு வீசக் கூடாது, அது நமக்குத் தெரியும். எட்டு எண்ணி முடித்துத் தம்பியின் கிளவுஸைத் துடைத்துவிட்டு மறுபடி ஆடச் சொன்னாரே, அதற்கப்புறம் நேரம் இருந்தது. மூன்று நொடியோ நாலு நொடியோ. இந்த நாட்களில் நான் அந்த நொடிகளுக்குள்தான் இருந்தேன். நீங்கள் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தீர்கள் பாருங்கள், அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. உன் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். கீழ்தளத்தில் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன் அண்ணா, கிளவுஸையெல்லாம் எரிச்சிடுவேன்" என்றேன். அப்போதுதான் கேட்டார்: "நம்ம கிழவனும் முதல்ல வர மாட்டேன்னுதானே சொன்னான்? அவன் சிநேகிதன் நிறுத்தாதேன்னு சொன்னான், இவன் துண்டைக் கையில வச்சிக்கிட்டு நின்னான், ஆள் செத்துட்டான். அந்தப் பயத்துல பையனோட கார்னருக்கு வர மாட்டேன்னுட்டான். பையன் அவன் இல்லாம போனான். விலா எலும்பு உடைஞ்சு வந்து ஆஸ்பத்திரியில படுத்தான். எப்ப எழுந்தான்? கிழவன் திரும்பி வந்தப்பதான் எழுந்தான்."

பிறகு மணி அடித்தது, மூன்றாவது மாடியில் யாரோ கூப்பிட்டார்கள். கதவு மூடியது. நாலைத் தானாகவே அழுத்தினார்.

நண்பர்களே, அந்தப் படத்தில் இது இருக்கிறது. நான் பத்து தடவை பார்த்த படம். அப்போலோ கிரீட் 'ராக்கி 4'-இல் எது நடந்தாலும் நிறுத்தாதே என்று கேட்டுக்கொள்வதும், ராக்கியின் கையிலிருந்து துண்டு நழுவும்போது நேரம் கடந்திருப்பதும், 33 வருடம் கழித்து அந்தத் துண்டை வீசுகிறவன் அன்று கொன்றவனாகவே இருப்பதும், எல்லாம் கண் முன்னால் இருந்தது. பழைய பகையைத் தூசி தட்டிய படம் என்று நான் சொன்னேன். 1985-இல் விழாத துண்டு விழுவதற்காகவே அந்தக் கதை அங்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. டீக்கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து இத்தனை வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தவனே, நீ சொன்னதுதான் சரி. உன்னைப் பேசவிடாமல் கத்தியதற்கு மன்னித்துக்கொள். முதல் படத்தின் அந்த ஒரே ஷாட் சண்டையை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அதற்குச் சமமாக இரண்டாவதில் ஒன்றும் இல்லை.

தம்பி திரும்ப ரிங் ஏறுவானா என்ற பேச்சே இப்போது எடுக்க வேண்டாம். நான் பயிற்சிக் கூடத்துக்கு வருவேன். அடுத்த மாதத்திலிருந்து சின்னப் பசங்களின் கார்னரில் நிற்பேன். எந்தப் பையன் "நிறுத்தாதேண்ணா" என்று கெஞ்சினாலும், அவனுடைய அப்பாவே கயிற்றுக்கு வெளியே நின்று சொன்னாலும், என் கண்ணுக்குப் போதும் என்று பட்டால் துண்டு விழும். கோப்பை போகட்டும், மெடல் போகட்டும். என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள். இதை உங்கள் எல்லோருக்கும் எழுத்தில் கொடுக்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அண்ணாவுக்குப் பகல் ஷிஃப்ட் இல்லை. முந்தின ராத்திரியே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சட்டைப் பையில் கொஞ்சம் பணம் வைக்கப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார். "பையன பாக்கணும்" என்றார். லிஃப்டை நாலாவது மாடியில் நிறுத்திவிட்டு, முதல் தடவையாக அதைவிட்டு வெளியே வந்து, வார்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தம்பி விழித்திருந்தான். இவர் யார் என்று சொன்னேன். எந்தப் படத்தைப் பற்றிப் பேசினோம் என்றும் சொன்னேன். தம்பி நெடுநேரம் அவரையே பார்த்துவிட்டு, காய்ந்த உதட்டால் மெல்லச் சொன்னான்: "முதல் படம்தான் நல்லா இருக்கும்."

அண்ணா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "எப்படிச் சொல்ற?" என்றார்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு அவன் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேசலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணா வீட்டுக்கு வருகிறார். நீங்களும் வாருங்கள், இரண்டு கட்சியும். அம்மா சுண்டல் போடுகிறாள். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் கார்னர்க்காரன்