திகில் கதைகளுக்கும் தங்கள் பத்திரிகையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன்னர் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றில், இளைஞர்கள் கைத்தொலைபேசியில் வாசிக்கின்ற பேய்க்கதைகளும், செத்தும் எழுந்து நடமாடுகின்ற பிணங்களைப் பற்றிய ஸொம்பிக் கதைகளும் ‘பதிப்பகம் தொடாத குப்பை’ என்றும், அவற்றை வாசிப்பதிலும் பார்க்க ஒன்றும் வாசிக்காமல் இருப்பதே மேல் என்றும் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அந்தக் கதைகளை வாசிக்கின்றவர்களுள் நானும் ஒருத்தி. நான் எழுத்தாளரும் அல்லேன், விமர்சகரும் அல்லேன். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலும், இரவுச் சமையல் முடிந்தபின் கிடைக்கும் அரை மணித்தியாலத்திலும் வாசிக்கின்ற சாதாரண வாசகி. தாமே எழுதித் தாமே வெளியிடுகின்ற சுயாதீன எழுத்தாளர்களின் திகில் நூல்களைக் கடந்த ஆறேழு ஆண்டுகளில் அறுபதளவில் திறந்திருப்பேன். பெரும்பாலானவை ஆங்கிலம், சில தமிழ். அவற்றுள் நாற்பதையாவது பாதியில் மூடிவிட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மிஞ்சிய இருபதுக்காகவே இக்கடிதம்.

‘பதிப்பகம் தொடாத’ என்ற சொல் என் மனத்தை உறுத்தியது. நமது மாவட்டத்தில் வெளிவருகின்ற தமிழ் நூல்களுள் எத்தனையைப் பதிப்பகம் தொட்டிருக்கிறது? எழுதியவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முந்நூறு பிரதியோ ஐந்நூறு பிரதியோ அச்சிட்டு, பாடசாலை மண்டபம் ஒன்றில் விளக்கேற்றி, முதற்பிரதியை வர்த்தகர் ஒருவருக்கும் சிறப்புப் பிரதிகளை உற்றார் உறவினருக்கும் கொடுத்து, எஞ்சியதைக் கட்டுக் கட்டாக வீட்டு அலுமாரிக்கு மேல் அடுக்கி வைக்கிறார். நான் மதிக்கின்ற கவிதை நூல்கள் பலவும் அவ்வாறுதான் என் கைக்கு வந்து சேர்ந்தன. ஆதலால், சொந்தப் பணத்தில் வெளியிட்டார் என்பதைக் கிழக்கிலங்கை வாசகர் எவரும் இழிவாகச் சொல்ல இயலாது. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் மின்னூல் வாசிக்கின்ற கிண்டில் கருவியைக் கொண்டுவந்தபோது, எவரும் தம் நூலைத் தாமே ஏற்றி விற்கின்ற வழியையும் கூடவே திறந்துவிட்டது; 2016 டிசெம்பரில் அங்கே தமிழ் நூல்களுக்கும் இடம் கிடைத்தது. பேய்க்கதை எழுதியவர் ஊர்ப் பெரியவர்களை அழைத்து விழா வைக்கக் கூச்சப்படுவார். மின்னூலுக்கு விழாவும் தேவையில்லை, அச்சுக்கூலியும் தேவையில்லை. இதுவரை பெட்டிக்குள் கிடந்த கதைகள் வெளியே வந்ததற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘ஜாம்பி’ என்று எழுதுகின்ற இந்த ஸொம்பி உருவம் ஆரம்பத்திலிருந்தே சுயாதீனப் படைப்பாளிகளின் சொத்தாகத்தான் வளர்ந்திருக்கிறது. இன்று நாம் காண்கின்ற, கூட்டமாக எழுந்து மனிதரைத் தின்கின்ற பிணங்களை உலகுக்குக் காட்டியது அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரை அண்டி, இயக்குநர் ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறக்குறைய 1,14,000 டொலர் செலவில் எடுத்து, 1968இல் வெளிவந்த ‘நைற் ஒஃப் த லிவிங் டெட்’ என்ற படம். பெரிய நிறுவனம் எதுவும் அதைத் தயாரிக்கவில்லை. வெளியிடும் வேளையில் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயரோடு இருந்த பதிப்புரிமை அறிவித்தலும் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அத்தோடு படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பேரிழப்பு. ஆனால் அந்தப் பிணங்களை எவரும் எவரிடமும் அனுமதி கேளாமல் தம் கதைக்குள் அழைத்துவரலாம் என்ற நிலையும் அதனால் உறுதிப்பட்டது. கையில் காசில்லாத எழுத்தாளர்கள் இந்த வகையை நாடி வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் ‘ஸொம்பி’ என்ற சொல் அந்தப் படத்தின் உரையாடலில் ஓரிடத்திலும் வராது. அச்சொல் ஹெய்ட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் சாகும்வரை உழைத்த நாடு அது. 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்ற அந்த மக்களின் நம்பிக்கையில், ஸொம்பி எவரையும் கடிப்பதில்லை. செத்த பின்னும் ஓய்வு கிடைக்காமல், தன் விருப்பம் என்று ஒன்றில்லாமல், இன்னொருவனுக்காக வேலை செய்துகொண்டே இருக்கின்ற உடல் அது. அவர்கள் பயந்தது பிணத்துக்கு அல்ல, தாமே அப்படி ஆகிவிடுவோமோ என்பதற்கே. இதை அறிந்தபோது, நமது மொழியில் இதற்கு மிக நெருங்கிய சொல் ஏற்கெனவே இருந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. ‘நடைபிணம்’ என்கிறோம். உயிர் இருந்தும் இல்லாதவர்களை அப்படிச் சொல்கிறோம். எனக்குப் பிடித்துப்போன திகில் கதைகள் எல்லாம் கடிக்கின்ற பிணத்தை விட்டு இந்த நடைபிணத்தின் பக்கம் வந்தவை. பிரித்தானிய எழுத்தாளர் டேவிட் மூடி 2001இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட நாவலில் இறந்தவர்கள் எழுந்து நடப்பார்கள், ஆனால் எவரையும் தின்னமாட்டார்கள். வாசகர் பெருகிய பின்னர் பெரிய பதிப்பகம் அவரைத் தேடி வந்தது. தொடக்கத்திலேயே பதிப்பகம் ஒன்றின் கைக்குப் போயிருந்தால், ‘கடிக்காத ஸொம்பியை யார் வாங்குவார்?’ என்று கேட்டிருப்பார்களோ என்று நான் எண்ணுவதுண்டு.

நான் வாசித்தவற்றுள் ஒரு சிறிய நூல் மட்டும் என்னை விட்டுப் போகவேயில்லை. ஊர் முழுவதும் நோய் பரவிவிட்டது. கணவன் இறந்து எழுந்துவிட்டான். மனைவி அவனை விறாந்தைத் தூணில் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த நாள் காலை படையினர் வந்து அவனைக் கொண்டுபோவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அன்றிரவு அவள் அவனுக்கு நல்ல சட்டை ஒன்றை அணிவிக்கிறாள். அவன் பற்கள் எட்டாதபடி பின்னால் நின்றுகொண்டு, கைகளை முன்னே நீட்டிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பூட்டுகிறாள். மூன்றாவது பொத்தான் இல்லை. அவள் உள்ளே போய், தகரப் பேணியைக் கொட்டி, அதே நிறத்தில் ஒரு பொத்தானைத் தேடி எடுத்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். அந்த இடத்தை வாசித்த அன்று நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டுவிட்டேன்.

அது ஏன் என்னை அப்படிப் பிடித்தது என்று சொல்லியாக வேண்டும். 2004 டிசெம்பர் 26 அன்று எனக்குப் பத்தொன்பது வயது. கடல் வந்துபோன மறுநாள், எங்கள் ஒழுங்கையில் தையல் தைத்துப் பிழைத்த மாமியோடு அவரது மகளைத் தேடிப் போனேன். வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களுள் முகம் பார்த்து எவரையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. மாமி முகங்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து குனிந்து சட்டைகளின் கீழ்விளிம்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போனார். நத்தாருக்காகத் தம் கையால் மடித்துத் தைத்த விளிம்பு அது. நூல் தீர்ந்துபோய்ப் பாதியிலிருந்து வேறு நிறத்தில் தைத்திருந்தாராம். அந்த நிறம் மாறிய இடத்தில் அவர் விரல் நின்றது. அந்த அன்பர் ‘குப்பை’ என்று ஒதுக்கிய நூல்களுள் ஒன்றில், எங்கோ ஒரு நாட்டில் இருக்கின்ற முகம் தெரியாத ஒருவர், பொத்தான் ஒன்றைக் கொண்டு என்னை அந்த விளிம்புக்குக் கூட்டிச் சென்றார். பரிசு பெற்ற நாவல்கள் சிலவற்றையும் நான் வாசித்திருக்கிறேன். அவற்றில் எனக்கு இது கிடைத்ததில்லை.

இனி, பாதியில் மூடிய நாற்பது நூல்களைப் பற்றியும் உள்ளபடி சொல்லவேண்டும். எழுத்துப் பிழைகளை நான் பொறுத்துக்கொள்வேன். நான்காம் அத்தியாயத்தில் இறந்துபோன அண்ணன், பதினோராம் அத்தியாயத்தில் தேநீர் குடித்துக்கொண்டு பேசுவதைப் பொறுக்க முடியாது. அவன் ஸொம்பியாகவும் வரவில்லை. எழுதியவர் மறந்துவிட்டார், வாசித்துப் பார்த்துச் சொல்ல அவருக்கு ஒருவரும் இல்லை. பதிப்பகத்தின் அருமை எனக்குத் தெரிவது அவ்விடத்தில்தான். அதைவிடப் பெரிய குறை நீட்டல். ஒரே துரத்தல், ஒரே கடைச் சூறையாடல், ஒரே துரோகம் என்று ஏழாம் பாகம், எட்டாம் பாகம் வரை போகின்றது. இதற்கு எழுத்தாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மாதச் சந்தாவுக்கு வாசிக்கின்ற திட்டத்தில், 2015 ஜூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கே அமேசான் பணம் கொடுக்கிறது. பக்கத்துக்குக் கூலி என்றால் பக்கம் கூடத்தான் செய்யும்.

இன்னொரு குறையை இலங்கை வாசகர் எளிதில் கண்டுகொள்வார். உலகம் அழிந்து ஓராண்டு ஆன பின்பும் அந்தக் கதைகளில் வாகனங்கள் ஓடுகின்றன. வைத்த பெற்றோல் மாதக் கணக்கில் கெட்டுப்போகும் என்பது ஒருபுறம் இருக்க, 2022இல் எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றவர்களுக்கும், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கும், ஒரு சமூகம் எந்த ஒழுங்கில் நின்றுபோகும் என்பது தெரியும். முதலில் பஸ் நின்றது. பிறகு வள்ளம் கடலுக்குப் போகவில்லை. பிறகு மீன் இல்லை, பால்மா இல்லை. அக்கதைகளில் குடிதண்ணீரைப் பற்றி எவரும் கவலைப்படுவதும் இல்லை. சுனாமிக்குப் பின்னர் எங்கள் கிணறுகளில் உப்பேறி, திரும்பத் திரும்ப இறைத்தும் வாயில் வைக்க முடியாதிருந்தது. துவக்கு எத்தனை வகை என்று பத்துப் பக்கம் எழுதுகின்றவர் கிணற்றைப் பற்றி ஒரு வரி எழுதினால் நான் நம்பிவிடுவேன்.

என்னை உண்மையில் வருத்துவது வேறொன்று. பல கதைகளில் இறந்தவர்கள் வெறும் எண்ணிக்கை. ஒரு பக்கத்தில் நூறு தலை வெடிக்கிறது. ஒரு தலைக்கும் பெயர் இல்லை. நமது இலக்கியத்தில் பயங்கரத்துக்குப் பஞ்சமில்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. வேதாளம் பிணத்துக்குள் புகுந்து பேசுகின்ற கதையைச் சிறுவயதிலேயே வாசித்துவிட்டோம். ஆனால் மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தைப் பாருங்கள். சார்ங்கலன் என்ற சிறுவன் தனியே சுடுகாட்டுக்குள் போய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுகின்ற பேய்மகளைக் கண்டு, ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர் விடுகிறான். பேய் வருவது சில அடிகளில் முடிந்துவிடும். அதன்பின் தாய் கோதமை அவன் உடலைத் தழுவி அழுவதும், உயிரைத் திருப்பித் தா என்று சம்பாபதித் தெய்வத்தோடு வாதாடுவதும், எந்தத் தெய்வத்தாலும் அது இயலாது என்று சம்பாபதி காட்டுவதுமே நீள்கின்றன. பயம் எவ்வளவு, துயரம் எவ்வளவு என்ற அளவு சாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. சுடுவோர், புதைப்போர், தாழியில் கவிழ்ப்போர் என்று ஊரவர் தம் இறந்தோரை அனுப்புகின்ற விதங்களையும் அவர் அங்கேயே சொல்லிவைக்கிறார். கொரோனாவில் இறந்தவர்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டதையும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைக்கும்வரை முஸ்லிம் சகோதரர்கள் பட்ட வேதனையையும் கண்ட மாவட்டம் நம்முடையது. ஓர் உடலை எப்படி அனுப்பிவைப்பது என்பது இங்கே கதைக்காகப் புனைந்த சிக்கல் அன்று.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்கின்ற ஊர் நமது ஊர். வட்டையில் வேளாண்மைக் காவலுக்கு வாடியில் படுத்த இரவுகளைப் பற்றி என் அம்மப்பாவும், வாவிக்கரையில் விளக்கோடு போகின்ற கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிப் பெத்தாவும் சொன்ன கதைகளுக்கு ஈடான பயத்தை எந்த மின்னூலிலும் நான் காணவில்லை. பெத்தா கதையை நிறுத்துகின்ற இடம் ஒன்று உண்டு. வெற்றிலையை மெல்லுவதை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். நாங்களும் வாசலைப் பார்ப்போம். அந்த மௌனத்தை அச்சில் கொண்டுவரத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இருக்க முடியாது. எழுதினால் மதிப்பில்லை என்று அவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்கள் ஞாயிறு இதழின் நூல் மதிப்புரைப் பக்கத்தில் மாதம் ஒருமுறையேனும் சுயாதீனத் திகில் நூல் ஒன்றுக்கு அரைப் பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். புகழ்ந்து எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இறந்த அண்ணன் தேநீர் குடித்தால் அதை அப்படியே எழுதுங்கள். நம்மூர்ப் பிள்ளை ஒருவர் அதை வாசித்துத் தன் கதையை இன்னொருவரிடம் காட்டித் திருத்திய பிறகு வெளியிடுவார். எழுத ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால், முதல் மதிப்புரையை நான் எழுதி அனுப்புகிறேன். அந்தச் சட்டைப் பொத்தான் கதையிலிருந்து தொடங்குவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.