சிகாகோவிலிருந்து அந்தோணிக்கு

அன்புள்ள அந்தோணி,

கடிதம் கிடைத்தது. உங்கள் பங்குப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறீர்கள், நான் இருக்கும் ஊரின் பங்குப் பள்ளி ஒன்றைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தாய். மலருக்கு ஆகுமோ என்னவோ, உனக்காக எழுதுகிறேன்.

சிகாகோவின் மேற்கே ஹம்போல்ட் பார்க் பக்கம் சம்மனசுகளின் மாதா பங்கு இருக்கிறது. 1894இல் ஐரிஷ்காரர்களுக்காகத் தொடங்கியது, பள்ளி வந்தது 1904இல். அரசுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் வாடை அடிக்கிறது என்று கத்தோலிக்கர்களுக்கு நெடுநாள் மனக்குறை. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு கோயிலுக்குப் பக்கத்திலும் இரண்டு வருடத்துக்குள் பள்ளி எழும்ப வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள். ஆனால் நம்மூர் உதவிபெறும் பள்ளி மாதிரி ஆசிரியர் சம்பளத்தை இங்கே அரசு தராது. அப்புறம் எப்படி நடந்தது? கன்னியர்கள்தான். பி.வி.எம். என்ற கன்னியர் சபையின் சிஸ்டர்கள் சொற்பப் படிக்குப் பாடம் நடத்தினார்கள், மீதியைப் பங்கு மக்களின் காணிக்கை பார்த்துக்கொண்டது.

1950களில் அந்தப் பங்கில் பெரும்பாலும் இத்தாலியக் குடும்பங்கள். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் வந்து நிறைய, எட்டாம் வகுப்பு வரையான அந்தப் பள்ளியில் ஏறத்தாழ 1,600 பேர், ஒரே அறையில் ஐம்பது அறுபது பேர். யாரையும் திருப்பி அனுப்ப மனசு வராது, புதுக் கட்டடம் கட்டக் காசும் கிடையாது.

1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை, பள்ளி விட மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது, அடித்தளத்தில் படிக்கட்டுக்குக் கீழே குப்பைப் பீப்பாயில் பற்றிய தீ மரப்படி வழியாக ஏறி, கீழ்த் தளத்தில் கதவு இருந்ததால் அங்கே நுழையாமல், கதவே இல்லாத மாடி வராந்தாவுக்குள் புகுந்துவிட்டது. ஜன்னல் விளிம்போ தரையிலிருந்து மூன்றடிக்கு மேல், சின்னப் பிள்ளைகளால் ஏற முடியவில்லை. பள்ளி மணிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் இணைப்பு இல்லை. ஃபோனில் சொன்னது சாமியார் பங்களா முகவரி, அதனால் வண்டிகள் முதலில் அங்கே போய் நின்றன. 92 பிள்ளைகளும் 3 கன்னியர்களும் இறந்துபோனார்கள். உனக்குக் கும்பகோணம் ஞாபகம் வந்திருக்கும், படிக்கும்போது எனக்கும் அதேதான்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அந்தக் கட்டடம் சில வாரங்களுக்கு முன்புதான் தீத்தடுப்புச் சோதனையில் தேறியிருந்தது! தண்ணீர் தெளிப்பான் வேண்டும் என்ற 1949ஆம் வருடத்து நகரச் சட்டம் புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான், பழசுக்கு விலக்கு. இத்தனை உயிர் போன பிறகுதான் நாடு முழுக்கப் பள்ளிகளில் விதிகளை இறுக்கினார்கள். தப்பித்த பிள்ளைகளிடமோ, அதைப் பற்றிப் பேசாதே, மறந்துவிடு என்றார்களாம். ஆற்றுப்படுத்த ஒருவரும் இல்லை.

1960இல் அதே இடத்தில் புதுப் பள்ளி எழும்பியது. ஆனால் பல குடும்பங்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டன, வட்டாரமே மாறியது, 1999இல் பள்ளியை மூடிவிட்டார்கள். இதற்குத் தீயை மட்டும் காரணம் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1960களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள், இன்று 20 லட்சம்கூட இல்லை. கன்னியர்கள் குறைந்ததும் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியதாயிற்று, கட்டணம் ஏறியது, ஏழைப் பங்குகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இப்போது அந்தப் பங்கு வளாகத்தில் ஃபிரான்சிஸ்கன் துறவியர் அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு மளிகை சாமான் கொடுக்கிறார்கள்.

மலர் விஷயத்துக்கு வருகிறேன். பங்குச்சாமியார்கள் படத்தை வரிசையாகப் போட்டுப் பக்கத்தை நிரப்பிவிடாதே. அரசு மானியம் வருவதற்கு முன்னால் அங்கே வாத்தியாருக்கு யார், எவ்வளவு கொடுத்தார்கள், நெல்லா காசா, எந்த சிஸ்டர் எத்தனை வகுப்பைத் தனியாகச் சமாளித்தார் என்று வயசானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வை.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி மட்டும் குளிர் வந்தால் படுத்துகிறது. மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேவியர்