சரவணனுக்கு, வாட்ச் செயின் விஷயமாக

அன்புள்ள மகன் சரவணனுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

எதிர்வீட்டுப் பிள்ளை லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது உன் அம்மாவின் சட்டம். செயினைப் பற்றி நான் ஆரம்பித்தால் நடுவில் புகுந்து "சாப்பிட்டியா, என்ன குழம்பு" என்று கேட்டு, நேரம் முடிந்துவிடும். கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரொம்ப நாள் கழித்து உன்னிடமிருந்து வந்த போட்டோ, அதுவும் மணிக்கட்டு மட்டும். "அப்பா, செயின் நிறம் மாறிப்போச்சு, எதைப் போட்டுத் தேய்க்கிறது" என்று ஒரு வரி. போகட்டும், வாட்ச்சைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாமல் கட்டியிருக்கிறாயே, அது சந்தோஷம். எச்எம்டி ஜனதா. கம்பெனியையே 2016-இல் மூட முடிவெடுத்துவிட்டார்கள். தினம் சாவி கொடுத்து ஓட்டுகிற வாட்ச்சை உன் ஆபீசில் வேறு யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, செயினுக்கு வருகிறேன். போட்டோவில் நான் பார்த்தவரை அதில் இருப்பது ஒரு கறை இல்லை, மூன்று விதம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கம்பிக்கு நடுவில் கறுப்பாக அடைத்துக்கொண்டிருப்பது வெறும் அழுக்கு. வியர்வை, சோப்பு, தோலில் உதிர்வது எல்லாம் சேர்ந்து இறுகியது. கம்பியை வலைபோல நெய்த மெஷ் செயின் என்றால் அது வரத்தான் செய்யும். பூட்டில் வெள்ளி நிறம் போய் மஞ்சள் தெரிகிறது, கையிலும் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. செயின்தான் எவர்சில்வர், பூட்டு பித்தளை, அதன்மேல் முலாம். முலாம் தேய்ந்தால் உள்ளே இருக்கும் செம்பு வியர்வை உப்போடு சேர்ந்து பச்சை கட்டும். கையைக் கழுவினால் போய்விடும். முலாம் திரும்பி வராது, அதைத் தேய்த்து மினுக்கப் பார்க்காதே, இருப்பதும் போய்விடும். அந்த இடத்தில் அரிப்பு, தடிப்பு இருந்தால் மட்டும் சொல். சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டீக்கறை மாதிரி பழுப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது. நன்றாகப் பார், புள்ளியின் நடுவில் ஊசி குத்தியது போல் குழி இருக்கும். எவர்சில்வருக்குத் துருப்பிடிக்காது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தச் செயினில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல், பெரும்பகுதி இரும்புதான். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டும். கீறல் விழுந்தாலும் காயத்தில் பொருக்கு கட்டுவது போலத் தானே மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் குளோரின் அந்தப் படலத்தை ஓட்டை போட்டுவிடும். மெஷ் செயினில் கம்பி கம்பியாக இடுக்கு இருப்பதால் ஈரம் உள்ளேயே நிற்கும், காற்று போகாது, படலம் மறுபடி கட்டாது. அப்படியே குழி இறங்கும். 316 என்ற ரக எஃகில் மாலிப்டினம் என்ற உலோகம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ப்பார்கள், அது இன்னும் தாங்கும். பாரிமுனையில் அன்று நான் வாங்கியது சாதா ரகம்.

வியர்வையிலும் உப்பு உண்டு, அதுவும் இதைச் செய்யும் என்று நீ சொல்வாய். செய்யும். ஆனால் வியர்வை என்றால் தோலை ஒட்டிய உட்புறத்தில் தொடங்க வேண்டும். உனக்குப் புள்ளியெல்லாம் மேல்பக்கம், அதுவும் உள்ளங்கையைப் பார்த்த ஓரத்தில் கூட்டமாக. மேலே தெறித்த குளோரின் தண்ணீர் அது. ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கையில் இது வராது.

அதனால் நீச்சல் குளத்துக்குப் போகிறாய் போல என்று நினைத்துக்கொண்டேன். அங்கே கட்டடத்துக்குக் கட்டடம் குளம் உண்டு என்று எதிர்வீட்டுப் பிள்ளையும் சொன்னான். ஆடிப்பெருக்குக்குக் காவேரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கவே ஊரைக் கூட்டியவன் நீ. நீச்சல் கற்றுக்கொண்டால் நல்லதுதான். நல்லதுதான் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

ஆனால் குளத்தில் இறங்கிக் குளித்தால் செயின் முழுக்க ஒரே மாதிரி மங்கும். இப்படி ஓரத்தில் மட்டும் அடர்த்தியாகத் தின்னாது. நகராட்சித் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கிறவர் நம் கடைக்கு வருவாரே, உனக்குக் கமர்கட் வாங்கித் தருவார், அவர் செயினில் இதே புள்ளி, இதே ஓரத்தில்தான் வரும். நீ கவனித்திருக்க மாட்டாய், அப்போது நீ சின்னப் பையன். 2016 மகாமகத்தின்போது அவர் வீட்டுக்கே சரியாகப் போகவில்லை. அத்தனை லட்சம் ஜனம் இறங்குகிற குளம், அவரும் அவரோடு வேலை பார்த்தவர்களும்தான் காபந்து பண்ணினார்கள். அவர் கடைக்கு வந்தால் பேங்க் மேனேஜர் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து அவருக்குத்தான் முதலில் ஸ்டூல் போடுவேன். ஊரே குடிக்கிற தண்ணீர் அவர் கையில் இருந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், செயினைப் பற்றிச் சொல்லும்போது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

கழுவுகிற விதம் சொல்கிறேன். முதலில் செயினை வாட்ச்சிலிருந்து கழற்று. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பின் இருக்கும், மெல்லிய ஊசியால் உள்ளே தள்ளினால் வந்துவிடும், தெறித்து ஓடாமல் விரலால் பொத்திக்கொள். ஜனதாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. செயினை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஊறப் போடு. பழைய டூத் பிரஷ், மெத்தென்று இருக்க வேண்டும், நெசவு போகிற திக்கிலேயே தேய். கறுப்பெல்லாம் வந்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, விசிறிக்குக் கீழே வை. ஈரத்தோடு கட்டாதே.

பழுப்புப் புள்ளிக்கு ஆப்ப சோடாவைக் குழைத்து லேசாகத் தேய்த்துப் பார். பூட்டில் படாமல். போகவில்லை என்றால் எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும், வெந்நீரில் கொஞ்சம் கரைத்து, பூட்டைக் கழற்றிவிட்டுச் செயினை மட்டும் சற்று நேரம் போட்டு எடு. துருவைக் கரைக்கும். அப்புறம் நன்றாக அலசு, அலசுவதில்தான் இருக்கிறது. அம்மா விளக்குத் தேய்க்கிற மாதிரி எலுமிச்சையோடு கல் உப்பைச் சேர்த்துவிடாதே, அந்த உப்பும் குளோரைடுதான், அதாவது குளோரின் சேர்ந்த உப்பு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள் கம்பிக்குள் மாட்டி அதுவே துருப்பிடிக்கும். வெளுக்கும் என்று நினைத்துப் பிளீச்சில் மட்டும் போட்டுவிடாதே. உனக்குத் தெரியாததில்லை.

கறை போனாலும் குழி போகாது. அந்தக் கம்பி மெல்லிசு, குழி விழுந்த இடத்தில் ஒருநாள் அறும், சட்டைக் கையில் மாட்டி இழுக்கும், வாட்ச் கீழே விழும். அதனால் கழுவி எடுத்து வைத்துவிடு, தினம் கட்ட வேண்டாம். கறுப்பு நைலான் ஸ்ட்ராப் ஒன்று வைத்திருக்கிறேன், தண்ணீர் பட்டாலும் கவலையில்லை. அளவு எனக்குத் தெரியும், சரியாக உட்காரும். குளத்துப் பக்கம் போகும்போது அதையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்.

இன்னொன்று. அந்தக் குளத்தில் மருந்து கலக்குகிற பையன் யாராவது இருப்பான். நம் பக்கத்துப் பையனாகக்கூட இருக்கலாம். பழக்கமிருந்தால் அவனிடம் இதைச் சொல். பிளீச்சும் ஆசிட்டும் ஒரு வாளியில் சேரக் கூடாது. குளத்துக்கு இரண்டுமே ஊற்றுவார்கள், அதனால்தான் சொல்கிறேன். அவசரத்தில் கழுவாத வாளியில் ஊற்றிவிட்டால் போதும், குளோரின் புகை வரும், நெஞ்சைப் பிடிக்கும். ஒன்று ஊற்றிய வாளியில் மற்றதை ஊற்றவே கூடாது, தனித்தனி வாளி. மருந்தைத் தண்ணீரில்தான் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. காற்று முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும். சாமான் வைக்கிற அறை மூடியே கிடந்தால், கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் நின்று உள்ளே போக வேண்டும். நம் நகராட்சிக்காரருக்குக் கடைசியில் மூச்சு இழுப்பு வந்தது, உனக்குத் தெரியும்.

போன வாரம் பேசும்போது இருமிக்கொண்டே இருந்தாய். ஏசி காற்று என்றாய். ஏசி காற்றாகவே இருக்கட்டும். இருந்தாலும் ஒரு டாக்டரிடம் காட்டு. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு உன் கையில் இருக்கிறதா, அவர்களிடம் இருக்கிறதா? உன் கையில் இருக்க வேண்டும்.

அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் நிறுத்தி யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உனக்குத் தேவைப்படாது, நீ உள்ளே இருப்பவன். அந்தப் பையனுக்குத் தெரியுமோ என்னமோ.

செயினில் இன்னொன்றும் பார்த்தேன். பூட்டு முன்னால் உட்கார்ந்திருந்த இடத்தில் தேய்ந்த தடம் அப்படியே இருக்கிறது. இப்போது அங்கிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிப் பூட்டியிருக்கிறாய். செயின் தளர்ந்து அப்படி ஆகாது, இது துணி இல்லை. உன் அம்மா அதே போட்டோவைப் பார்த்துவிட்டு "கை பூசினாப்ல இருக்கு" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வள்ளி உன் ஆபீஸ் போட்டோ ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், தோழிகளிடம் காட்டவாம். அங்கே உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள் என்று நானே சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல். பி.காமில் நீ வாங்கிய மார்க்கை இன்னும் எல்லாரிடமும் சொல்கிறாள். நானும்தான் சொல்கிறேன், கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளை மாதக்கணக்கில் முகத்தைக் காட்டாமல் பேசுகிறான் என்பதை மட்டும் சொல்வதில்லை. வீடியோவில் வந்தால் என்ன குறைந்துவிடும்? எந்தச் சட்டை போட்டிருந்தாலும் வா. பின்னால் என்ன சுவர் இருக்கிறது என்று இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

மாயவரத்துக்காரர் வந்தார். தவணையைத் தள்ளிப் பேசிவிட்டேன், முகம் சுளிக்கவில்லை. அதனால் இந்த மாதம் பாதி அனுப்பினால் போதும், மிச்சத்தில் ஒழுங்காகச் சாப்பிடு. சித்தப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நீ வந்தபிறகு பார்ப்போம். மழை நன்றாகப் பெய்தது. வேறு விசேஷம் இல்லை, இருந்தாலும் இப்போது எழுதத் தோன்றவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளை கொடுக்கிற பொட்டலத்தில் அம்மாவின் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இருக்கும். அடியில் நைலான் ஸ்ட்ராப், ஸ்பிரிங் பின் இரண்டு ஜோடி. அதற்கும் அடியில் ரப்பர் கையுறை, முழங்கை வரை வருகிற ரகம். குட்டைக் கையுறை போட்டால் அதன் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்து நேராக மணிக்கட்டில்தான் இறங்கும். அங்கேயே கிடைக்கும் என்பாய். கிடைக்கும், ஆனால் வாங்க மாட்டார்கள். அந்தப் பையனிடம் கொடு. வாளி விஷயத்தை மறக்காமல் சொல், தனித்தனி வாளி.

இப்படிக்கு,
அப்பா