உன் பறவைப் பட்டியல்கள் பற்றி

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? பறவைக் கணக்கெடுப்புக்கு நீ அனுப்பும் பட்டியல்களைப் பார்த்தேன். "காகம், மைனா, புறா என்று இதையே திரும்பத் திரும்ப எழுதி யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டிருந்தாய். விடாமல் அதையே எழுது. அரிய பறவை வந்தால் பத்துப் பேர் ஓடிப் போய்ப் பதிவுசெய்வார்கள். சாதாரணப் பறவை குறைவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வட அமெரிக்காவில் 1970 முதல் ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டதாக 2019இல் கணக்கிட்டார்களே, அந்த இழப்பில் பெரும்பகுதி சாதாரண இனங்கள். அந்த இழப்பைக் கணக்கிட உதவிய முக்கியமான தரவு, 1966 முதல் தன்னார்வலர்கள் எடுத்துவரும் கணக்கு: ஒரு தடத்தில் 50 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 3 நிமிடம், கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் எல்லாமே எண்ணிக்கையில் சேரும்.

நீயும் அடையாளம் தெரிந்த அத்தனையையும் எழுது. பிடித்ததை மட்டும் எழுதினால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே இல்லையா, நீ விட்டுவிட்டாயா என்று ஆய்வாளருக்குத் தெரியாது. முழுப் பட்டியல் என்றால் 'இல்லை' என்பதும் தரவாகிவிடும். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் என்பதும் வேண்டும். பத்து நிமிடத்தில் ஐந்து மைனாவும் இரண்டு மணி நேரத்தில் ஐந்து மைனாவும் ஒன்றாகுமா? பறவை இருந்தும் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கலாம். ஒரே இடத்துக்குப் பல தடவை போனால்தான், அது கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு எண்ணிக்கையைத் திருத்த முடியும்.

உன் நான்கு மணி நேர, ஒன்பது கிலோமீட்டர் பட்டியலில் வயலும் ஏரியும் காடும் கலந்துகிடக்கின்றன. எந்தப் பறவை எங்கே இருந்தது என்று பிரிக்கவே முடியாது. நிலம் மாறும் இடத்தில் பட்டியலை முடித்து, புதிதாக ஒன்று தொடங்கு. போன வழியே திரும்பினால் ஒரு பக்கத் தூரத்தை மட்டும் எழுது. பார்த்த பறவைகளை மறுபடி எண்ணாதே. கூட்டமாகப் போனால் ஒருவர் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிர்ந்தால் போதும். இல்லாவிட்டால் ஒரே கொக்கு நான்கு கொக்காகிவிடும்.

எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' போட்டிருக்கிறாய். பறவை இருந்தது என்பதற்கு மேல் அதிலிருந்து எதுவும் தெரியாது. பெருங்கூட்டமென்றால் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார், பிறகு அந்த அளவு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு. தோராயமான எண்ணே போதும். இனம் பிடிபடாவிட்டால் 'ஏதோ ஒரு கதிர்க்குருவி' என்று எழுது, ஊகித்துப் பெயர் வைக்காதே. பட்டியலைச் சரிபார்ப்பவர் விளக்கம் கேட்டால் வருத்தப்படாதே, வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையைக்கூடக் கேட்பார்கள். அடைகாக்கும் அரிய பறவையின் கூடு இருக்குமிடத்தை மட்டும் எங்கும் வெளியிடாதே.

இன்னொன்று. விடுமுறைக் காலையில் எல்லோரும் அதே ஏரிக்குத்தான் போகிறார்கள். ஒரே இடத்தில் குவியும் பட்டியல்களில் பலவற்றைப் பகுப்பாய்வின்போது கழித்துவிடுவார்கள். ஆளே போகாத தரிசுநிலத்தில் எடுத்த ஒரு பட்டியலுக்கு மதிப்பு அதிகம். அடுத்த வாரம் அப்படி ஓர் இடம் பார்த்து, 15 நிமிடம் நின்று எண்ணி அனுப்பு. ஒன்றுமே தென்படாவிட்டாலும் அனுப்பு.

அன்புடன்,
ராகவன்