குரைப்புக்குக் காரணம் வெயில்

அன்புள்ள மகளுக்கு,

உன் நாய்கள் இரண்டும் பகலெல்லாம் தோட்டத்தில் குரைப்பதாகப் பக்கத்து வீட்டார் முறையிட்டதை எழுதியிருந்தாய். அவர்கள் மேல் வருத்தப்படாதே. கோடைப் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு அது தொல்லைதான். ஆனால் அதட்டி அடக்கலாம் என்று நீ நினைப்பது பலிக்காது. நாம் கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அவை எடுத்துக்கொள்ளும்.

முதலில் நிழலைக் கவனி. காலையில் குளுமையாக இருக்கும் மூலை பிற்பகலில் வெயிலில் காயும் என்பதால், ஒரு விடுமுறை நாளில் மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்து நிழல் நகரும் வழியைத் தெரிந்துகொள். தகரக் கூரை போட்ட கூண்டு நிழலாகாது. நம் நாய் மணிக்கு நான் அப்படியொன்று செய்து வைத்தேன். அது உள்ளே போகாமல் வாசலில் நின்று குரைத்ததைப் பிடிவாதம் என்று எண்ணினேன். ஒரு நாள் நானே தலையை உள்ளே நீட்டியபோதுதான் அனல் முகத்தில் அடித்தது. அது சுவரோரம் குழி தோண்டிப் படுக்கும், நான் மூடுவேன், மறுநாள் மறுபடியும் தோண்டியிருக்கும். மூன்றாம் முறை மூடப் போனவன் குழிக்குள் கை வைத்துப் பார்த்தேன். மேல்மண் சுட்டது, அடிமண் ஈரமாய்ச் சில்லென்று இருந்தது. அதன் பிறகு மண்வெட்டியை எடுக்கவில்லை.

நாய்க்குப் பாதங்களில்தான் சிறிது வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதனால் தட்டை மூக்குள்ள உன் பக் நாயை நடுப்பகலில் வெளியே விடவே விடாதே. சத்தமில்லாமல் கிடக்கிறது என்று நீ நிம்மதியடையும் நேரத்தில் அது தளர்ந்து போயிருக்கலாம். சாதாரணமாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் அதன் உடற்சூடு 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் ஒழுக, ஓயாமல் மூச்சிரைத்து, நடை தள்ளாடினால், உடனே குளிர்ந்த நீரை உடம்பில் ஊற்றி, விசிறிக் காற்று படும்படி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. தண்ணீரை இரண்டு இடங்களில், கவிழ்க்க முடியாத கனமான பாத்திரத்தில் வை.

உன் மற்றொரு நாய் குரைப்பது சூட்டினால் அன்று, சலிப்பினால் என்று நினைக்கிறேன். கம்பி வேலி வழியே போவோர் வருவோரைப் பார்த்துக் குரைக்கிறது; அவர்களோ எப்படியும் கடந்து போகத்தான் போகிறார்கள், அதுவோ தான்தான் விரட்டியதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறது. அதன் கண்மட்டத்துக்கு வேலியை மறைத்துவிடு. வெயில் ஏறுமுன் நடக்க அழைத்துப் போய்விட்டு, காலை உணவைத் தட்டில் வைக்காமல் புல்லில் தூவு. மோப்பம் பிடித்துத் தேடித் தின்று முடித்தால் தானாகவே தூங்கிவிடும். குரைப்பை நிறுத்தும் கணத்தில் ஒரு துண்டு தின்பண்டம் கொடு; குரைக்கும்போது கொடுத்துவிடாதே, உன் கை இளகியது என்று எனக்குத் தெரியும்.

வேலியை மறைத்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அப்பா