விமர்சனம் வெள்ளிக்கிழமைப் படத்துக்கு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் புதுப்படம் ஒன்றுக்கு மூன்று பக்க விமர்சனம், நாயகன் பேட்டி, இசையமைப்பாளர் பேட்டி, பாட்டு எடுத்த இடத்துப் படங்கள் என்று பாதிப் புத்தகத்தை ஒதுக்கியிருந்தீர்கள். சினிமா எனக்கும் பிடிக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் என் வாழ்க்கையில் எடுத்துக்கொள்வது இரண்டரை மணி நேரம். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் ஓடும் பேச்சு, எல்லோரும் படுத்த பிறகு பார்க்கும் ஆவணப்படம், பல வருஷத்துக்கு ஒருமுறை யோசித்து யோசித்து வாங்கும் ஃபேன், இவைதான் தினமும் கூட இருப்பவை. இவற்றில் எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எடுத்துச் சொல்ல உங்கள் இதழில் ஒரு பத்திகூட இல்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

முதலில் பாட்காஸ்ட். தமிழில் இப்போது வரலாறு, குற்றக்கதை, பங்குச்சந்தை, பிள்ளை வளர்ப்பு, எதற்கும் பஞ்சமில்லை. பெரும்பாலானவை கேட்பவரை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு நாற்காலி, பெரிய மைக், பின்னால் கலர் விளக்கு என்று கேமராவுக்காகவே பேசுகிறார்கள். “இந்த போட்டோவைப் பாருங்க” என்று விருந்தினர் நீட்டுகிறார்; அதில் என்ன இருக்கிறது என்று இருவரில் ஒருவரும் சொல்வதில்லை. விஷயத்துக்கு வருவதற்கே பத்து நிமிஷம் போய்விடுகிறது. விருந்தினர் ஒருவழியாக நல்ல இடத்துக்கு வந்து சேரும்போது, பேட்டி எடுப்பவர் “சூப்பர் சார்” என்று அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

காதுக்காகப் பேசுவது எப்படி என்பதற்கு முன்மாதிரி தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ சொன்னாரே, அது போதும். மொத்தமே சில நிமிடங்கள். ஒரு செய்தி, அதற்கு ஒரு கதை, கடைசியில் ஒரு நகைச்சுவை. அந்த நகைச்சுவையையும் அதே சாவகாசமான குரலில்தான் சொல்வார். சிரிக்கச் சொல்லி நம்மை அவசரப்படுத்த மாட்டார். வேளாண்மை படித்து, வானொலியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி நடத்தியவர். வரப்பில் நின்று பேசுகிறவரிடம் இருக்கும் நிதானம் அந்தக் குரலில் கடைசிவரை இருந்தது. 2009-ல் அவர் மறைந்துவிட்டார், அந்தப் பதிவுகளை இன்றும் தேடிப்பிடித்துக் கேட்கிறோம். பிபிசி தமிழோசையும் அப்படித்தான். 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரலில் வானொலி ஒலிபரப்பு நிற்கும்வரை, சிற்றலைக் கரகரப்பைத் தாண்டி ஒவ்வொரு சொல்லும் வந்து சேர வேண்டும் என்று நிறுத்தி வாசித்தார்கள்.

இன்றைக்கும் அந்த அக்கறையோடு செய்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்வெட்டைப் பற்றி அரை மணி நேரம், கண்ணை மூடிக் கேட்டாலும் தூண் எங்கே, எழுத்து எங்கே என்று புரியும்படி பேசுகிறார்கள். அவர்களுக்குப் பத்திரிகையில் நாலு வரி பாராட்டு கிடைத்தால், அடுத்த பதிவுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும்!

ஆவணப்படம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது, முதுமலை தெப்பக்காடு முகாமில் கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்து 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்ற யானைப் படம். விருது அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையும், அதில் குட்டி யானைகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இருவரின் புகைப்படத்தைப் போட்டன. படம் எப்படி இருக்கிறது என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதில் பிடித்தது காட்டின் அழகைவிட பெள்ளியின் பேச்சு. முதல் கணவரைப் புலிக்குப் பறிகொடுத்ததையும், மகளை இழந்ததையும் அந்த அம்மா குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார், கை பாட்டுக்குக் குட்டி யானையைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தமிழை வேறு எந்தப் படத்திலும் நான் கேட்டதில்லை. குறையும் உண்டு. அவர்கள் வளர்த்த யானை ரகுவை வேறு பாகரிடம் ஒப்படைக்கும் இடம் நெஞ்சை அறுக்கிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கும் முறை என்ன, வளர்த்தவர்கள் சொல்லுக்கு அதில் எவ்வளவு மதிப்பு என்பதைப் படம் இன்னும் விளக்கியிருக்க வேண்டும். இதைப் பற்றி யாராவது எழுத மாட்டார்களா, படித்துவிட்டு வீட்டில் விவாதிக்க மாட்டோமா என்று அப்போது தவித்தேன்.

இத்தனைக்கும் காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுத்து 1940-லேயே தமிழ் வர்ணனையோடு வெளியிட்டவர் கோட்டையூர்க்காரர் ஏ.கே. செட்டியார். பல நாடுகளுக்கு அலைந்து, யார் யாரோ எடுத்துவைத்திருந்த சுருள்களைத் தேடிச் சேர்த்துச் செய்த படம் அது. அவரும் உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். ‘குமரி மலர்’ நடத்தியவர்.

இனி ஃபேன். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் வாசகர்களின் கைக்காசு போகிறது. கூடத்து ஃபேன் பழுதாகி, மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் வைத்தது வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். கடைப் பையன் நிறத்தைக் காட்டினான், ரிமோட்டைக் காட்டினான், நடுவில் எரியும் விளக்கைக் காட்டினான். எனக்குத் தெரிய வேண்டியிருந்தவை வேறு. பழைய ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 30, 35 வாட்டில் ஓடிவிடும். 40 வாட் மிச்சம் என்றால் தினம் 15 மணி நேரத்துக்கு 600 வாட் மணி, இரண்டு மாத பில்லில் 36 யூனிட். நம் ஊரில் பில் 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விகிதம் ஏறிவிடும். அந்த விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு 36 யூனிட் சின்ன விஷயம் இல்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். எவ்வளவு காற்று, அதற்கு எவ்வளவு மின்சாரம் என்கிற கணக்கு அந்த லேபிளில் இருக்கிறது. வாட் குறைவு என்று மட்டும் பார்த்து, காற்றே வராத ஃபேனை வாங்கிவிடக் கூடாது.

பழைய ரெகுலேட்டரோடு இந்த ஃபேன் சேராது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதை எடுத்துவிட வேண்டும். கோடைச் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்கும். ரிமோட் தொலைந்தால் சுவிட்ச்சை அணைத்துப் போட்டே வேகத்தை மாற்ற முடியுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும்போதே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். சாதாரண ஃபேனைவிட விலை அதிகம்தான். எங்கள் வீட்டில் அம்மா பகல் முழுக்கக் கூடத்திலேயே இருப்பதால் அந்தக் காசு வீணாகவில்லை என்றே சொல்வேன். நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் அறைக்கு நான் வாங்க மாட்டேன்.

இதையெல்லாம் நான் அங்கே இங்கே விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். இணையத்தில் தேடினால் புகழ்கிற வீடியோக்கள் வரிசையாக வருகின்றன, அவற்றில் பலவற்றின் அடியில் வாங்குவதற்கான இணைப்பும் இருக்கிறது. விற்பதில் பங்கில்லாத ஒருவர் பிரித்துப் பார்த்து எழுதினால் நம்பிக்கையோடு வாங்கலாம். குக்கர் காஸ்கெட், குடை, மழைக்கு வழுக்காத செருப்பு என்று கேட்க இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

என் வேண்டுகோள் இதுதான். வாரம் ஒரு பக்கம் கொடுங்கள். ஒரு பாட்காஸ்ட், ஒரு ஆவணப்படம், வீட்டுக்கு வாங்கும் ஒரு பொருள் போதும். ஆவணப்படம் என்றால் எங்கே கிடைக்கும், எவ்வளவு நேரம் ஓடும், தமிழ் சப்டைட்டில் உண்டா என்பதையும் போடுங்கள். பொருள் என்றால், கடையில் காசு கொடுத்து வாங்கி, சில மாதம் புழங்கிய பிறகு எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் இலவசமாக அனுப்பியதை வைத்து எழுத வேண்டாம். எழுத ஆள் இல்லை என்றால் வாசகர்களிடம் கேளுங்கள். கிரைண்டரைப் பற்றியும் மிக்ஸியைப் பற்றியும் எங்களில் பலருக்கு அனுபவம் நிறைய இருக்கிறது, நாங்களே எழுதி அனுப்புகிறோம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்